மாதேஸ்வரன் மலையின் இருளும் தங்கவயலின் ஒளியும்

அறிவியல் மனித குலத்தின் பொதுச் சொத்து என்று நாம் பள்ளிப் பருவம் முதலே கற்று வருகிறோம். நீராவியும் மின்சாரமும் மருந்தும் எந்திரமும் சாதி பார்ப்பதில்லை, மொழி பார்ப்பதில்லை, செல்வர் என்றும் வறியவர் என்றும் பிரித்து நோக்குவதில்லை. ஆதலின் அறிவியல் வளர வளர மக்களிடையே உள்ள ஏற்றத்தாழ்வு தானே மறையும் என்பது பலருடைய நம்பிக்கை. 1958-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாள் இந்திய அரசாங்கம் வெளியிட்ட அறிவியற் கொள்கைத் தீர்மானமும், அறிவியலால் விளையும் நன்மைகளை நாட்டு மக்களுக்குக் கிட்டச் செய்வதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது.

நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் வரலாறு நமக்கு மற்றொன்றையும் கற்பிக்கின்றது. மின்சாரம் தானாக ஏழையின் குடிசை தேடிச் செல்வதில்லை. கம்பியை எத்திசையில் இழுப்பது, யாருக்கு முதலில் கொடுப்பது, யாரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது என்பவற்றை எந்திரம் முடிவு செய்வதில்லை. ஆட்சிப் பொறுப்பில் இருப்போரே முடிவு செய்கின்றனர். இவ்வுண்மையைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் காலனிக் குடும்பங்கள் ஆண்டுதோறும் வழிபடச் செல்லும் மாதேஸ்வரன் மலையும், அதனைச் சூழ்ந்தோடும் காவிரியுமே இதற்குச் சான்று பகர்கின்றன.

மலையும் ஆறும்

மாதேஸ்வரன் மலை எழுபத்தேழு மலைகளின் கூட்டம் என்பது மரபு. புலியை ஊர்தியாகக் கொண்ட மாதேஸ்வரனின் வரலாற்றைக் கன்னட நாட்டுப் பாடகர் கம்சாளம் தட்டிப் பாடுவர். சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் யுகாதிக்கும் மைசூர்ப் பக்கத்திலிருந்து கன்னட மக்களும், சேலம், தருமபுரி, ஈரோடு மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்களும் திரள்திரளாக மலையேறுவர். அங்கே மொழி வேற்றுமை தோன்றுவதில்லை.

இதில் வியப்பும் இல்லை. இம்மலையை உள்ளிட்ட கொள்ளேகால் வட்டம் 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் வரையில் சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போதுதான் அது மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. பின்னர் 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது மலையும் அதனுட் சென்றது. எல்லைக் கோடுகள் மாறின, மலை மாறவில்லை.

இம்மலையின் இருப்பிடத்தை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். வடமேற்கே நேர்க்கோட்டில் சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில் சிவசமுத்திரம் அருவி. தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் மேட்டூர் அணை. ஒன்றில் 1902-ஆம் ஆண்டிலும், மற்றொன்றில் 1937-ஆம் ஆண்டிலும் மின்சாரம் பிறந்தது. இவ்விரண்டு ஒளிக்கும் நடுவே அமர்ந்த மலை இது. இம்மலையின் காட்டூர்கள் சிலவற்றில் நம் காலத்திலும் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது ஏன் என்பதே நம் கேள்வி.

அருவியில் பிறந்த ஆற்றல்

சிவசமுத்திரத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து பாறையிலிருந்து வீழ்கின்றது. அந்த வீழ்ச்சியின் ஆற்றலை மின்சாரமாக்கலாம் என்று மைசூர் அரசாங்கம் கருதியது. திவானாக இருந்தவர் சர் கே. சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய அவர் 1883 முதல் 1901 வரை மைசூரின் திவானாக விளங்கியவர். பொறியியல் அறிஞர் ஜோலி தெ லாட்பினியர் என்னும் கனடா நாட்டுப் படைப் பொறியாளர் திட்டத்தை வகுத்தார். மின்னாக்கிப் பொறிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிலிருந்தும், நீர்ச்சுழலிகள் சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ் கம்பெனியிலிருந்தும் வந்தன. கப்பலிலும் இரயிலிலும் வந்த பளுவான உறுப்புகளைக் காட்டு வழியே அருவிக்கரைக்குச் சேர்ப்பிக்க யானைகளும் குதிரைகளும் வேண்டியிருந்தன.

1902-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் மின்சாரம் பாய்ந்தது. அதைக் காணச் சேஷாத்ரி ஐயர் உயிரோடில்லை. முந்திய ஆண்டே காலமானார். ஒவ்வொன்றும் 720 கிலோவாட் ஆற்றலுள்ள ஆறு பொறிகள் முதலில் அமைந்தன. அதற்கு முன் 1897-இல் டார்ஜிலிங்கில் சிறியதொரு நீர்மின் நிலையம் ஏற்பட்டிருந்ததெனினும், பெரிய அளவில் இந்தியாவில் எழுந்த முதல் நீர்மின் நிலையம் சிவசமுத்திரமே எனலாம்.

இங்கே ஒரு செய்தி நம் கருத்தைக் கவர வேண்டும். அன்று சிவசமுத்திரத் தீவு கொள்ளேகால் வட்டத்தைச் சேர்ந்தது. மின் நிலையம் மைசூர்க் கரையில் எழுந்தது. ஆற்றின் இக்கரையிலும் அக்கரையிலும் மக்கள் வாழ்ந்தனர். காடும் மலையும் கழனியும் அருகிலேயே இருந்தன. ஆனால் மின்சாரம் அவர்களுக்காகப் பிறக்கவில்லை. பிறந்த அன்றே அது 92 மைல், அதாவது 147 கிலோமீட்டர், பயணம் செய்து கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அந்நாளில் உலகிலேயே மிக நீண்ட மின்பாதைகளுள் அது ஒன்று.

வழியிலிருந்த சிற்றூர்களின் தலைக்கு மேலே கம்பி சென்றது. உழவர் அண்ணாந்து பார்த்தனர். விளக்கின் அடியில் இருள் என்பது பழமொழி. இங்கே விளக்கின் அடியில் மட்டுமன்று, விளக்குக்குச் செல்லும் வழி நெடுகிலும் இருள் நின்றது.

இது பொறியாளரின் குற்றமன்று. அவர்கள் செய்தது அரும்பெருஞ் செயல். அரசாங்கம் கெட்ட எண்ணத்தோடு செய்தது என்றும் சொல்வதற்கில்லை. சுரங்கங்கள் நீராவி எந்திரங்களுக்கு நிலக்கரியும் விறகும் வாங்கிப் பெருஞ்செலவு செய்து வந்தன. மின்சாரத்தை மொத்தமாக விலை கொடுத்து வாங்க அவை ஆயத்தமாக இருந்தன. விலை கொடுப்போருக்குக் கம்பி சென்றது. அவ்வளவே. ஆனால் அந்த அவ்வளவேயில்தான் நாம் ஆராயும் பொருள் முழுவதும் அடங்கியிருக்கின்றது. புதிய ஆற்றல் முதலில் செல்வத்தை நாடிச் சென்றது. செல்வம் மேலும் பெருகிற்று. பெருகிய செல்வம் மேலும் ஆற்றலை வேண்டிற்று. மின்சாரத்துக்கு ஆண்டு முழுவதும் தடையின்றி நீர் வேண்டியிருந்தமை, 1911-இல் கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜ சாகர அணை தொடங்கப்பட்டதற்குக் காரணங்களுள் ஒன்றாகும்.

1905-இல் பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. 1908-இல் மைசூர் நகரம் ஒளி பெற்றது. நகரங்களுக்குப் பின் நகரங்கள். சிற்றூர்களின் முறை பல பதிற்றாண்டுகள் கழித்தே வந்தது.

ஒளி சென்ற இடத்தில்

இனி, மின்சாரம் போய்ச் சேர்ந்த இடத்தைக் காண்போம். தங்கவயலில் உழைத்தவர்கள் யார்? வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் பிழைப்புத் தேடி வந்த நம்மவர்களே பெரும்பாலோர். அவர்களுள்ளும் ஆதிதிராவிட மக்களே மிகுதி. பவுரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரையில் 1894-இல் இரயில் பாதை திறக்கப்பட்டது. அது எந்திரத்தையும் அரிசியையும் சுமந்தது போலவே மனிதரையும் சுமந்து சென்றது.

சுரங்கங்களை இலண்டன் நகரத்து ஜான் டெய்லர் கம்பெனி மேற்பார்த்து நடத்தியது. மேட்டில் ஆங்கில அதிகாரிகளின் பங்களாக்களும் மன்றமும் இருந்தன. கீழே வரிசை வரிசையாகத் தொழிலாளரின் தட்டிக் குடிசைகள் இருந்தன. ‘லைன்’ என்ற பெயர் அவற்றுக்கு நிலைத்தது. மின்சாரம் சுரங்கத்தின் தூக்கிகளை இயக்கிற்று, கல்லைப் பொடியாக்கும் ஆலைகளைச் சுழற்றிற்று, நீரை இறைத்தது, காற்றைச் செலுத்திற்று. ஆழம் வளர்ந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே சென்று உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் மனிதர் தாங்கும் அளவினதன்று. பாறை வெடிப்புகள் பலரைப் பலி கொண்டன.

எந்திரம் பெருகினால் தொழிலாளியின் துன்பம் குறையும் என்று எண்ணுகிறோம். ஒரு பகுதி உண்மையே. ஆனால் எந்திரத் துளைப்பான் கல்லைத் துளைக்கும் வேகத்திலேயே கல்தூளையும் காற்றில் நிரப்பியது. அத்தூள் நுரையீரலில் படிந்து உண்டாக்கும் நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். 1940 முதல் 1946 வரை கோலாரில் 7,653 தொழிலாளரைச் சோதித்ததில் நூற்றுக்கு 43.7 பேருக்கு இந்நோய் இருந்ததாகக் கண்டனர். நூறு பேரில் நாற்பத்துநால்வர் என்றால் ஏறக்குறைய ஒவ்வொரு குடிசையிலும் ஒருவர் இருமிக்கொண்டிருந்தார் என்பது பொருள். பொன் இலண்டனுக்குச் சென்றது. தூள் லைனில் தங்கியது.

அறிவியல் தொழிலாளியைக் காக்க மட்டுமன்று, அவனைக் கண்காணிக்கவும் பயன்பட்டது. சுரங்கத்தில் வேலை செய்வோர் அனைவரும் விரல்ரேகை பதிந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து 1930-ஆம் ஆண்டில் தங்கவயல் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். விரல்ரேகை ஆராய்ச்சி அன்று குற்றவாளிகளைப் பிடிக்கும் கலையாகவே மக்களுக்கு அறிமுகமாகியிருந்தது. உழைத்துப் பிழைக்கும் எங்களைக் கள்வர் வரிசையில் நிறுத்துவதா என்பதே அவர்களுடைய குமுறல். மேசையில் அமர்ந்து வேலை பார்ப்போரின் விரலைக் கேளாத கலை, கல் உடைப்போரின் விரலைக் கேட்டதன்றோ?

இன்னுமொரு செய்தி. 1965-ஆம் ஆண்டில் இதே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள், ஜப்பானிய, ஆங்கில அறிஞர்களோடு சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தைக் கண்டறிந்தனர். உலக அறிவியல் வரலாற்றில் தங்கவயலுக்கு நிலையான இடம் கிடைத்தது. நாம் இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டும். ஆனால் அவ்வறிஞர்கள் இறங்கிச் சென்ற துளையைத் தோண்டிய கைகள் யாருடையவை என்பதையும் அதே மூச்சில் சொல்லிக்கொள்ள வேண்டும்.

1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி அமைந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் அங்கிருந்து எடுக்கப்பட்டதாகச் சொல்வர். மூடிய பின் அவ்வூரார் பல்லாயிரவர் விடியுமுன் எழுந்து இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லலாயினர். இந்தியாவில் முதன்முதல் நெடுந்தூர மின்சாரம் பெற்ற ஊரில், மனிதக் கழிவை மனிதரே கையால் அள்ளும் இழிவு 2011-ஆம் ஆண்டளவிலும் நீடித்ததை நாளேடுகள் எடுத்துக்காட்டின. பத்தாயிரம் அடி ஆழத்துக்குக் குளிர்காற்றைச் செலுத்தத் தெரிந்த பொறியியலுக்கு, ஒரு குடிசைக்குக் கழிவுநீர்க் குழாய் அமைப்பது அரிய காரியமா? அரிதன்று, அதனை வேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை.

தாமே ஏற்றிய விளக்கு

தங்கவயல் மக்கள் வெறுமனே துன்பம் பொறுத்தவர்கள் என்று எழுதிவிட்டால் அது பாதி வரலாறே ஆகும். அயோத்திதாசப் பண்டிதரின் கருத்துகளை ஏற்ற அவ்வூர்த் தொழிலாளர்கள் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்டனர். 1914-இல் பண்டிதர் மறைந்த பின், அவருடைய நூல்களை அச்சிட்டுப் பரப்பியது தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை. அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் பிற்காலத்தில் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் மீண்டும் வெளிவந்தது. பகலில் பாறை பிளந்தவர்கள் இரவில் எழுத்துக் கூட்டிப் படித்தனர்.

அச்சு எந்திரமும் ஓர் அறிவியற் கருவிதான். அதை யாரும் அவர்களுக்குத் திட்டம் தீட்டிக் கொடுக்கவில்லை. தம் கூலியில் மிச்சம் பிடித்துத் தாமே அமைத்துக்கொண்டனர். கருவி ஒருவன் கையில் இருக்கும்போது அவனை ஆளும். அதுவே அவன் உரிமையாகும்போது அவனை உயர்த்தும். அயல்மாநிலத்தில் சங்கம் வைத்து ஆண்டு விழாக் கொண்டாடும் நமக்கு அவர்கள் முன்னோடிகள் என்பதை மறத்தலாகாது.

கல்வியின் வாயில் யாருக்குத் திறந்திருந்தது என்பதும் அறிவியற் கொள்கையின் ஒரு பகுதியே. மைசூர் அரசர்கள் அறிவியலுக்குச் செய்த தொண்டு பெரிது. 1909-இல் நிறுவப்பெற்ற இந்திய அறிவியல் கழகத்துக்குப் பெங்களூரில் 371 ஏக்கர் நிலம் அளித்தவர்கள் அவர்களே. எனினும் அரசாங்க அலுவல்களிலும் உயர்கல்வியிலும் ஒருசில வகுப்பாரே நிறைந்திருந்தனர். அதை ஆராய 1918-இல் சர் லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழுவை மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அமைத்தார். மறு ஆண்டில் அக்குழு பின்தங்கிய வகுப்பாருக்கு இடம் அளிக்கப் பரிந்துரைத்தது. அணை கட்டிய பெரும்பொறியாளர் விசுவேசுவரையர், திறமையொன்றே அளவுகோல் ஆதல் வேண்டும் என்ற கருத்துடையவராய், அந்நாளில் திவான் பதவியை விட்டு விலகினார். அப்பேரறிஞரிடம் நமக்கு மதிப்பு உண்டு. ஆயினும் மன்னர் எடுத்த முடிவே சரியென்று நாம் கருதுகிறோம். நீரைத் தேக்கினால் மட்டும் போதாது. மதகைத் திறக்கவும் வேண்டும்.

மேட்டூர் கூறுவது

ஆற்றின் கீழ்ப்பக்கம் சென்று காண்போம். 1925-இல் தொடங்கி 1934-இல் நிறைவேறிய மேட்டூர் அணை, 93 டி.எம்.சி. அளவு நீரைத் தேக்கும் பெருஞ்செயல். அன்றைய சென்னை ஆளுநரின் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று அது வழங்கிற்று. தஞ்சைத் தரணியின் கழனிகளுக்கு அது காலந்தவறாது நீர் தந்தது, 1937 முதல் மின்சாரமும் தந்தது, ஆலைகள் எழுந்தன. இவையெல்லாம் நன்மைகளே. ஆயினும் அந்நீரின் அடியில் பல ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் மிகத் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடியின் நந்தி சிலையும் பழைய கிறித்தவக் கோயிலின் கோபுரமும் வெளிப்படுவதை இன்றும் மக்கள் கூட்டமாகச் சென்று பார்க்கின்றனர். நீர் பெற்ற நிலம் ஓரிடம். நிலம் இழந்த மக்கள் மற்றோரிடம்.

1932-இல் நீலகிரியின் பைக்காராவில் பிறந்த மின்சாரம், கோயமுத்தூரின் பஞ்சாலைகளுக்குச் சென்றதோடு உழவரின் கிணறுகளுக்கும் சென்றது. கம்பியை வயலுக்கும் இழுக்கலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அதிலும் ஒரு குறை உண்டு: கிணறு உடையவர் தோட்டம் பசுமையாயிற்று, கிணறு இல்லாதவர் அதே தோட்டத்தில் கூலிக்கு நின்றார். ஆதலின் கருவியைக் கொடுத்தால் மட்டும் சமத்துவம் வராது. அதைப் பயன்படுத்த வேண்டிய நிலமும் கல்வியும் உடன் வரவேண்டும்.

மலைமேல் இருள்

நிற்க. இப்பொழுது மலைக்குத் திரும்புவோம். கோயிலைச் சூழ்ந்த ஊர் ஒளி நிறைந்தது. விடுதிகளும் கடைகளும் உண்டு. ஆனால் கோயிலுக்கு அப்பால், காட்டுக்குள்ளே, இண்டிகநத்தம், மெந்தாரே, துளசிகெரே, படசலநத்தம் முதலிய சிற்றூர்கள் உள்ளன. சோலிகரும் பிற உழவர் குடிகளும் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். கற்பாதையில் நடந்தே அவ்வூர்களை அடையவேண்டும். நோயாளியையும் கருவுற்ற பெண்ணையும் டோலி கட்டித் தோளில் சுமந்து இறக்கும் நிலையை நாளேடுகள் பன்முறை எழுதியுள்ளன. பள்ளிப் பிள்ளைகள் யானை நடமாடும் வழியே சென்று வர அஞ்சியமையால் வனத்துறையே ஜீப் வண்டி விட்டதும் உண்டு.

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் நாடாளுமன்றத் தேர்தலின்போது, சாலையும் மின்சாரமும் குடிநீரும் தராத ஆட்சிக்கு வாக்களிக்க மாட்டோம் என்று இண்டிகநத்தத்தார் தேர்தலைப் புறக்கணித்தனர். பூசல் முற்றி வாக்குப்பதிவு எந்திரம் உடைக்கப்பட்டது. ஏப்ரல் 29-ஆம் நாள் மறுவாக்குப்பதிவு நடந்தது. வழக்குக்கு அஞ்சிப் பலர் ஊரை விட்டுக் காட்டுக்குள் ஒதுங்கினர்.

எந்திரத்தை உடைத்ததை நாம் ஒப்பவில்லை. வாக்கு ஏழையின் கையில் உள்ள ஒரே படைக்கலம். அதை முறித்தல் தகாது. ஆயினும் ஆட்சியாளரும் நாமும் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. வாக்குப்பதிவு எந்திரம் என்னும் மின்னணுக் கருவி கற்பாதையில் ஏறி அவ்வூரை அடைந்தது. மின்சாரக் கம்பி அடையவில்லை. வேண்டும் என்று முடிவு செய்த ஒன்று எவ்வளவு கடினமான வழியிலும் வந்து சேர்கின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? 1902-இல் 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுக்க முடிந்தது. அதே ஆற்றின் அருகில் 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மலைக்காட்டுக்கு 122 ஆண்டுகள் போதவில்லை. ஆகவே தடையாக நின்றது தொலைவும் அன்று, அறிவின்மையும் அன்று.

கணக்கும் சட்டமும்

தடையாக நின்றவை எவை? ஒன்று, கணக்கு. ஓர் ஊரில் நூற்றுக்குப் பத்து வீடுகளுக்கும், பள்ளி முதலிய பொது இடங்களுக்கும் மின்சாரம் இருந்தால் அவ்வூர் மின்வசதி பெற்ற ஊர் என்று 2004-ஆம் ஆண்டின் இலக்கணம் வகுத்தது. அதன்படியே 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் மணிப்பூரின் லைசாங் என்னும் ஊர் ஒளி பெற்றதோடு இந்தியாவின் எல்லா ஊர்களும் மின்வசதி பெற்றுவிட்டன என்று அறிவிக்கப்பட்டது. கணக்கு பொய்யன்று, ஆனால் அக்கணக்கில் ஊர் உண்டு, குடிசை இல்லை, பேரூர் உண்டு, அதைச் சார்ந்த காட்டுக் குடியிருப்பு இல்லை. 2023-ஆம் ஆண்டு ஜூலை முதல் கர்நாடக அரசு வீட்டுக்கு மாதம் 200 யூனிட் வரை இலவச மின்சாரம் தரத் தொடங்கியது. நம் காலனி வீடுகள் பலவும் அதனால் நன்மை பெற்றன. கம்பியே செல்லாத வீட்டுக்கு இலவசத்தால் விளைவது என்ன? இருப்பவனுக்குச் சலுகையும், இல்லாதவனுக்கு வாழ்த்தும் கிடைத்தன.

மற்றொன்று, காட்டுச் சட்டம். 2013-இல் இம்மலைக்காடு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டைக் காப்பதும் அறிவியல் சார்ந்த கொள்கையே. நாம் அதை வரவேற்கிறோம். தாழ்ந்து தொங்கும் மின்கம்பியால் யானைகள் மாள்வதையும் நாம் அறிவோம். ஆனால் காப்புறையிட்ட கம்பியும், மண்ணுக்கடியிற் செல்லும் கம்பியும், சூரிய ஒளி மின்சாரமும் நம் காலத்துப் பொறியியலுக்குப் புதியவையல்ல. செலவு சற்றுக் கூடும். அந்தக் கூடுதல் செலவை யாருக்காகச் செய்வது என்னும் இடத்தில்தான் மீண்டும் பழைய கேள்வி வந்து நிற்கின்றது.

சட்டம் முழுவதும் தடையாகவும் இல்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் மக்களின் ஊர்களுக்குப் பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை, மின்கம்பி முதலிய 13 வகைப் பொது வசதிகளுக்காக, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த காட்டு நிலத்தை அளிக்கலாம் என்று வகை செய்கின்றது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இவ்வளவு தெளிவாகச் சட்டம் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாத ஊரில், சட்டமும் மேலே செல்லும் கம்பியைப் போன்றதே.

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் கர்நாடக அமைச்சரவை மாதேஸ்வரன் மலையிலேயே கூடி மாவட்டத்தின் வளர்ச்சியைப் பற்றி ஆராய்ந்தது. பெங்களூரில் அமர்ந்து கோப்பில் மலையைப் பார்ப்பதற்கும், மலையில் அமர்ந்து மலையைப் பார்ப்பதற்கும் வேற்றுமை உண்டு. அந்த வேற்றுமை நற்செயலாக முதிர வேண்டும் என்பதே நம் விருப்பம்.

நம் கடமை

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியது யாது? அறிவியலை வெறுத்தல் அன்று. சிவசமுத்திரம் இல்லையேல் பெங்களூர் இல்லை. மேட்டூர் இல்லையேல் தஞ்சை வாடும். அறிவியலை வணங்கி நின்று, அது தானே எல்லாம் செய்யும் என்று வாளா இருத்தலும் அன்று. ஒவ்வொரு புதிய திட்டம் வரும்போதும் மூன்று கேள்விகளை நாம் கேட்டல் வேண்டும். இதன் பயன் முதலில் யாருக்குச் செல்கிறது? இதன் சுமையை யார் தாங்குகிறார்? வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு இது எந்த ஆண்டில் சென்று சேரும்? விடை சொல்ல இயலாத திட்டம் எவ்வளவு பெரிதாயினும் குறையுடையதே.

நாம் இந்நாட்டில் பிழைக்க வந்தவர்கள். கன்னட மக்களின் அன்பால் வாழ்கின்றவர்கள். தங்கவயலில் மாண்ட நம்மவரும், மாதேஸ்வரன் மலைக்காட்டில் இருளில் இருந்த கன்னடக் குடிகளும் ஒரே கம்பியின் இரண்டு முனையில் நின்றவர்கள். ஒருவர் கம்பி வந்து சேர்ந்த இடத்தில் வருந்தினர். மற்றவர் கம்பி வராத இடத்தில் வருந்தினர். ஆதலின் அவர்களுடைய துயரம் நமக்கு அயலார் துயரம் அன்று.

நம் சங்கத்தின் நூலகத்தில் தமிழ் நூல்களோடு, அரசாங்கத் திட்டங்களையும் உரிமைச் சட்டங்களையும் விளக்கும் கன்னட நூல்களும் இடம்பெறுதல் வேண்டும். நம் பிள்ளைகளுள் பொறியியலும் மருத்துவமும் பயில்வோர் பலர். அவர்கள் கோடை விடுமுறையில் ஒரு வாரமேனும் மலையூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருதல் வேண்டும். மலைக்கு வழிபடச் செல்லும் நம் குடும்பங்கள் கோயில் வாயிலோடு திரும்பிவிடாமல், அப்பாலுள்ள ஊர்களின் மக்களோடும் அளவளாவுதல் வேண்டும். மகளிர் மன்றத்தார் இதற்கு முன்னின்றால் காரியம் எளிதாகும்.

இவை சிறு செயல்களே. ஆயினும் கூலியில் மிச்சம் பிடித்து அச்சுக்கூடம் வைத்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் ஏற்றிய விளக்கை நம் காலனியின் எல்லையோடு நிறுத்திவிடாமல் மலைமேலும் கொண்டு செல்லும் ஆற்றலையும் மனத்தையும் இச்சங்கம் பெறுவதாக. வாழ்க தமிழ்! வாழ்க கன்னட நாடு!